பழைய கேஸ் பைப் ரெக்கார்டுல காலியா இருக்கற கட்டத்த பக்கத்து பைப்ப பாத்து நிரப்பலாமா? அமெரிக்க ரூல் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவை_மேப்பிங்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில ஜி.ஐ.எஸ், அதாவது கம்ப்யூட்டர் மேப் பண்ற டீம்ல வேல பாக்கறேன். அமெரிக்காவுல ஒரு கேஸ் கம்பெனி, பேரு வேண்டாம், அவங்களோட பழைய பைப்லைன் பேப்பரெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க, நாங்க அத ஒவ்வொண்ணா தொறந்து படிச்சு மேப்ல ஏத்தணும். ஒரு ஃபோல்டர தொறந்தா பென்சில்ல குறிப்பெழுதுன ஆஸ்-பில்ட் டிராயிங், அதாவது போட்டு முடிச்சத அப்படியே வரைஞ்ச படம் இருக்கும், பைப் வாங்குன பில்லு இருக்கும், பைப் செஞ்ச ஆலை கொடுத்த மில் சர்டிபிகேட் இருந்தாலும் இருக்கும் இல்லாட்டியும் இல்ல, பிரஷர் டெஸ்ட் பண்ணப்ப பேனா முள்ளு வட்டமா கோடு போட்ட சார்ட் பேப்பர் இருக்கும். அதுல இருந்து விட்டம், தடிமன், இரும்போட வலிமைய சொல்ற கிரேடு, பைப்போட நீளவாக்கு தையல் என்ன வகை, எந்த வருஷம் போட்டது, எவ்வளவு பிரஷர்ல டெஸ்ட் பண்ணாங்க, இதெல்லாம் தனித்தனி கட்டத்துல போடணும். ஒவ்வொண்ணுக்கும் எந்த பேப்பர்ல இருந்து எடுத்தோம்னு நம்பரும் போடணும்.

பிரச்சன என்னன்னா 1950கள்ல போட்ட பைப்புக்கு நெறைய கட்டம் காலியாத்தான் வருது. இப்ப ஒரு ஃபோல்டர்ல தடிமன் இருக்கு, தையல் வகை இல்ல. ஆனா அதுக்கு அடுத்தாப்ல இருக்கற ஜாப், அதே வருஷம், அதே விட்டம், அதே கான்ட்ராக்டர், அதுல சீம்லெஸ்னு, அதாவது தையலே இல்லாத பைப்புன்னு தெளிவா போட்டிருக்கு. எங்க டீம்ல ரெண்டு பேரு "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், அதையே போட்டுட்டு போலாம், டெட்லைன் வருது"ங்கறாங்க. கிளையன்ட் பக்கம் தரம் பாக்கற க்யூ.சி ஆளுங்க இந்த மாதிரி எதப் போட்டாலும் திருப்பி அனுப்பறாங்க. ஒரு டெஸ்ட் சார்ட்ல பிரஷரெல்லாம் பளிச்சுனு தெரியுது, கையெழுத்தும் தேதியும் மட்டும் இல்ல, அதையும் கம்ப்ளீட் இல்லன்னு ஒதுக்கிட்டாங்க.

நான் கேக்கறது என்னன்னா, இது நெஜமாவே கவர்மென்ட் ரூலா, இல்ல கிளையன்ட்டோட கெடுபிடியா? அறுபது எழுபது வருஷமா ஓடிட்டு இருக்கற பைப்புக்கு ஒரு பேப்பர் இல்லைங்கறதுக்காக கவர்மென்ட் என்ன பண்ணிடும்? பக்கத்து பைப்ப பாத்து போடறதுல நெஜமாவே ஆபத்து இருக்குங்களா? டீம்ல போய் பேசணும், அதனால வெவரமா சொன்னா நல்லா இருக்கும்ங்க.

பிராஜெக்ட்_லீட்_சென்னை:

நானும் இதே மாதிரி யூட்டிலிட்டி பிராஜெக்ட்ல இருந்தவன். ரூல் என்னன்னு ஆழமா எனக்குத் தெரியாது, ஆனா வேலை ஒழுங்கா நடக்கணும்னா ஒண்ணு செய்யுங்க, டேட்டா எடுக்கற ஸ்பெசிஃபிகேஷன்ல "யூகிச்சுப் போடலாம்"னு எழுத்துல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா போடாதீங்க. வாய்வழியா யார் சொன்னாலும் மெயில்ல வாங்கிக்குங்க. மத்தத இந்த லைன்ல இருக்கறவங்க சொல்லட்டும்.

கதிர்_டெக்சாஸ்:

நான் இங்க பைப்லைன் இன்டெக்ரிட்டில, அதாவது பைப் பழுதில்லாம இருக்கான்னு பாக்கற வேலையில இருக்கேன் தங்கச்சி, தினமும் இந்த டேட்டாவ வெச்சுத்தான் கணக்குப் போடறோம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

உங்க கிளையன்ட் கெடுபிடி பண்ணல. நீங்க கேட்ட அதே விஷயத்தாலதான், பைப் சீம்லெஸ்னு ரெக்கார்டுல இருந்த ஒரு வார்த்தையாலதான், இந்த ரூலெல்லாம் இப்ப இருக்கற அளவுக்கு இறுகுச்சு. 2010 செப்டம்பர் 9, சாயங்காலம் ஆறு மணி தாண்டி, கலிபோர்னியாவுல சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெக்க சான் புரூனோன்னு ஒரு ஊர், அங்க வீடுங்களுக்கு நடுவுல மண்ணுக்கடியில போன 30 இன்ச் கேஸ் மெயின் லைன் வெடிச்சுது. கலிபோர்னியாவோட கேஸ், கரன்ட் கம்பெனியான பி.ஜி அண்ட் இயோட லைன் 132. எட்டு பேர் செத்துப் போனாங்க, 38 வீடு தரைமட்டம். 28 அடி நீளத்துக்கு பைப்பு பிச்சுகிட்டு நூறு அடி தள்ளிப் போய் விழுந்துச்சு, பள்ளம் மட்டும் 72 அடி நீளம். கேஸ நிறுத்தவே 95 நிமிஷம் ஆச்சு, அதுவரைக்கும் எரிஞ்சுகிட்டே இருந்துச்சு.

அந்த எடத்துல இருந்த பைப்பு கம்பெனியோட ஜி.ஐ.எஸ்ல என்னன்னு இருந்துச்சு தெரியுமா? 30 இன்ச், சீம்லெஸ். என்.டி.எஸ்.பி, அதாவது விபத்து விசாரிக்கற ஃபெடரல் அமைப்பு, பைப்ப எடுத்து லேப்ல பாத்தா நீளவாக்குல வெல்டு இருக்கு. அதுலயும் ஒரு முழு பைப்பே கிடையாது, நாலு அடி கூட இல்லாத துண்டு துண்டா ஆறு துண்டு சேத்து ஒட்டியிருக்காங்க, சில துண்டுல தையல் வெளிப்பக்கம் மட்டும்தான் வெல்டு, உள்பக்கம் வெல்டே இல்ல. 1956ல போட்டது. இன்னொண்ணு, அந்தக் காலத்துல 30 இன்ச் விட்டத்துல சீம்லெஸ் பைப்பே கிடைக்காது. ரெக்கார்ட பாத்தவங்க யாராவது ஒருத்தருக்கு உறுத்தியிருந்தா கூட போதும். அந்த சீம்லெஸ்ங்கற தகவல் எங்க இருந்து வந்துச்சுன்னா, இன்ஜினியரிங் பேப்பர்ல இருந்து இல்ல, அக்கவுண்ட்ஸ் வவுச்சர்ல இருந்து. யாரோ ஒருத்தர் எப்பவோ எடுத்து எழுதுனாங்க, அது சர்வே ஷீட்டுக்குப் போச்சு, அங்க இருந்து ஜி.ஐ.எஸ்சுக்குப் போச்சு. கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல வந்ததும் எல்லாரும் அத உண்மைன்னு எடுத்துகிட்டாங்க. தையலே இல்லாத பைப்புன்னு நம்புனதால தையல்ல கோளாறு இருக்கான்னு தேடற டெஸ்ட்டையும் யாரும் பண்ணல. வெடிச்சப்ப பிரஷர் 386 பி.எஸ்.ஐ (ஒரு சதுர இன்சுக்கு எத்தன பவுண்டு அழுத்தம்ங்கற அளவு), அனுமதிச்ச உச்சம் 400. அதாவது ரெக்கார்டு படி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

இதுக்கப்புறம் நடந்தது வேகமா நடந்துச்சு. 2011 ஜனவரி 3ம் தேதியே, விசாரணை முடியறதுக்கு முன்னாடியே, என்.டி.எஸ்.பி அவசர சிபாரிசு விட்டுச்சு, கம்பெனி தன்கிட்ட இருக்கற எல்லா பேப்பரையும் தேடி, மூலத்த காட்டக்கூடிய, சரிபாக்கக்கூடிய, முழுமையான ரெக்கார்ட வெச்சு எவ்வளவு பிரஷர் தாங்கும்னு கணக்குப் போடணும்னு. இந்த லைன்ல டி.வி.சின்னு சொல்வாங்க, டிரேசபிள், வெரிஃபயபிள், கம்ப்ளீட், அந்த மூணு எழுத்து அங்க இருந்து வந்ததுதான். அதே மாசம் ஃபிம்சா, பைப்லைன் பாதுகாப்புக்கான ஃபெடரல் ஏஜென்சி, நாட்டுல இருக்கற எல்லா கம்பெனிக்கும் சுற்றறிக்கை விட்டுச்சு. 2012 ஜனவரில சட்டமே வந்துருச்சு, ஜனம் அடர்த்தியா இருக்கற எடத்துல போற லைனுக்கெல்லாம் ரெக்கார்ட சரிபாத்து, எதுக்கு இல்லையோ அத கவர்மென்டுக்கு சொல்லணும்னு. அதே சட்டத்துலதான் அபராதமும் ரெண்டு மடங்காச்சு, ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 2 லட்சம் டாலர், சம்பந்தப்பட்ட தொடருக்கு மொத்தம் 20 லட்சம் டாலர் வரைக்கும். இப்ப விலைவாசிக்கேத்த மாதிரி வருஷா வருஷம் ஏத்தறாங்க.

2011 மார்ச்ல பி.ஜி அண்ட் இ ஆளுங்க டேலி சிட்டில இருக்கற கவ் பேலஸ்ங்கற பெரிய அரங்கத்த எடுத்து, பேப்பர் பெட்டிய பலகை பலகையா எறக்கி வெச்சு, ராத்திரி பகலா தேடுனாங்க. நீங்க ஒரு ஃபோல்டர் ஃபோல்டரா பாக்கறத அவங்க ஒரு ஸ்டேடியம் அளவுல அவசர அவசரமா பாக்க வேண்டியதாச்சு, எட்டு பேர் போனதுக்கப்புறம்.

கவர்மென்ட் என்ன பண்ணிடும்னு கேட்டீங்கல்ல. இன்ஸ்பெக்டர் வருவார். "இந்த வால்வ வருஷா வருஷம் பாத்தீங்களா"ன்னு கேட்டா "பாத்தோம்"னு வாயில சொன்னா ஏத்துக்க மாட்டார், பேப்பர் கேப்பார். பேப்பர் இல்லன்னா பாக்கலைன்னுதான் அர்த்தம். சின்ன விஷயமா இருந்தா எச்சரிக்கைக் கடிதம், நடைமுறை எழுதுனது சரியில்லன்னா திருத்தச் சொல்லி நோட்டீஸ், இல்லாட்டி மீறல் நோட்டீஸ், அதுல அபராதமும் இருக்கலாம், இன்ன தேதிக்குள்ள சரி பண்ணுன்னு உத்தரவும் இருக்கலாம். கம்பெனிக்கு பதில் சொல்ல 30 நாள், ஹியரிங் கேக்கலாம். அந்த நோட்டீஸ், கம்பெனி சொன்ன பதில், கடைசி ஆர்டர், எல்லாத்தையும் ஃபிம்சா வெப்சைட்ல யார் வேணா பாக்கலாம். ஒரு மாநிலத்துக்குள்ளயே ஓடற லைன்னா பெரும்பாலும் அந்த மாநில கமிஷன் பாத்துக்கும், மாநிலம் தாண்டுனா ஃபிம்சா.

ராஜி_சாக்ரமெண்டோ:

கதிர் சொன்னதுல அபராதம் பத்தி நான் கொஞ்சம் சேக்கறேன், ஏன்னா நான் இந்த மாநிலத்துல குடியிருந்து கேஸ் பில் கட்டறவ, இந்த கேஸ ஆரம்பத்துல இருந்து பேப்பர்ல படிச்சுட்டு வரேன்.

கலிபோர்னியா பப்ளிக் யூட்டிலிட்டீஸ் கமிஷன் 2011ல ரெக்கார்ட் வெச்சிருக்கற லட்சணத்துக்குன்னே தனியா ஒரு விசாரணை தொடங்குச்சு. விபத்துக்கு தனி, ரெக்கார்டுக்கு தனி. முடிஞ்சது 2015 ஏப்ரல்ல. எல்லாம் சேத்து 160 கோடி டாலர். இதுல 85 கோடி பைப்லைன் பாதுகாப்பு வேலைக்கு, அதையும் ஷேர்ஹோல்டர் பணத்துல செய்யணும், கஸ்டமர் பில்லுல ஏத்தக் கூடாது. 40 கோடி கஸ்டமருக்கு பில்லுல கழிச்சாங்க. 30 கோடி மாநில கஜானாவுக்கு. மிச்சம் அஞ்சு கோடி சொச்சம் மத்த நடவடிக்கைக்கு. எனக்கு இது சரியான முறைன்னு தோணுது, வெறுமனே கஜானாவுக்கு மட்டும் போயிருந்தா மண்ணுக்குள்ள இருக்கற பைப் அப்படியே தான இருக்கும்.

ஆனா கிரிமினல் கேஸ்ல நடந்தது இன்னும் மனசு ஆறல. 2016 ஆகஸ்ட்ல ஜூரி ஆறு குற்றச்சாட்டுல கம்பெனி குற்றவாளின்னு சொன்னாங்க, அஞ்சு பைப்லைன் பாதுகாப்பு சட்டத்த தெரிஞ்சே மீறுனது, ஒண்ணு என்.டி.எஸ்.பி விசாரணைய தடுத்தது. தன்கிட்ட இருக்கற தகவல ஒண்ணா சேத்து ஆபத்து எங்கன்னு பாக்கலங்கறதுதான் அதுல முக்கியமான விஷயம், அதாவது கோவை தங்கச்சி செய்யற வேலைய கம்பெனி செய்யாம விட்டது. தண்டனை எவ்வளவு? சட்டத்துல இருந்த உச்சமே 30 லட்சம் டாலர்தான். 56 கோடி டாலர் வரைக்கும் கேக்கற மாதிரி இன்னொரு சட்டப்பிரிவு இருந்துச்சு, ஜூரி உள்ள உக்காந்து பேசிட்டு இருக்கறப்பவே அரசு வக்கீல்கள் அத வாபஸ் வாங்கிட்டாங்க. அப்புறம் அஞ்சு வருஷம் புரொபேஷன், அதாவது கோர்ட் கண்காணிப்பு, 10,000 மணி நேரம் சமூக சேவை, கண்காணிக்க ஒரு வெளி ஆள், நாங்க குற்றவாளின்னு தீர்ப்பாச்சுன்னு விளம்பரம் கொடுக்கச் சொன்னது. ஒரு மனுஷன் கூட ஜெயிலுக்குப் போகல. எட்டு குடும்பத்துக்கு இதுல என்ன ஆறுதல் இருக்கும்?

இன்னொண்ணும் சொல்லணும், கவர்மென்ட்டும் இதுல சுத்தம் கிடையாது. என்.டி.எஸ்.பி ரிப்போர்ட்லயே, பழைய பைப்புக்கெல்லாம் பிரஷர் டெஸ்ட் வேண்டாம்னு விலக்கு கொடுத்ததும், கம்பெனி வெச்சிருந்த ஓட்டைய மாநில கமிஷன் கண்டுபிடிக்காம விட்டதும் ஒரு காரணம்னு எழுதியிருக்காங்க. 1970க்கு முன்னாடி போட்ட லைன்னா, அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல எவ்வளவு உச்ச பிரஷர்ல ஓடுச்சோ அதையே அனுமதிச்ச பிரஷரா வெச்சுக்கலாம்னு ஃபெடரல் ரூல்லயே ஒரு வழி இருந்துச்சு. "இத்தன வருஷம் ஓடுதுல்ல"ங்கறதே அத்தாட்சி. தங்கச்சி, உங்க கேள்வில இருந்த "அறுபது எழுபது வருஷமா ஓடிட்டு இருக்கற பைப்பு"ங்கற எண்ணத்த அப்படியே சட்டமா எழுதி வெச்சிருந்தாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.

சான் புரூனோவோட முடியவும் இல்ல. 2014 மார்ச் 3, கார்மெல்ங்கற ஊர்ல அதே கம்பெனி ஆளுங்க தெருவுல இருந்த இரும்பு பைப்ல வேல பாத்தாங்க. அந்த இரும்பு பைப்புக்குள்ள ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் பைப்ப நுழைச்சு வெச்சிருந்தாங்க, ஆனா அது ரெக்கார்டுல இல்ல. வேல பாக்கப் போனவங்களுக்குத் தெரியாம பிளாஸ்டிக்க ஓட்ட போட்டுட்டாங்க, கேஸ் ரெண்டு பைப்புக்கும் நடுவுல புகுந்து ஒரு வீட்டுக்குள்ள போய் வீடே வெடிச்சுது. ஆள் இல்லாத வீடு, யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது சுத்தமான அதிர்ஷ்டம். கமிஷன் 1 கோடியே 8 லட்சம் டாலருக்கு மேல அபராதம் போட்டுச்சு. ஒரே ஒரு வரி, "உள்ள பிளாஸ்டிக் இருக்கு"ன்னு மேப்ல இல்லாம போனதுக்கு.

கோவை_மேப்பிங்:

கதிர் அண்ணா, ராஜி அக்கா, ரொம்ப நன்றிங்க. படிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஓடல. நான் தினமும் பாக்கற அதே கட்டம், அதே வார்த்த.

ஆனா ஒரு சந்தேகம் அண்ணா. நாங்க தெரியாதுன்னு போட்டுட்டா கிளையன்ட்டுக்கு நஷ்டம் இல்லையா? எல்லா எடத்துலயும் தெரியாது தெரியாதுன்னு இருந்தா கவர்மென்ட் அதுக்கும் அபராதம் போட மாட்டாங்களா? எங்க டீம்ல இதத்தான் கேப்பாங்க.

ஓய்வு_இன்ஸ்பெக்டர்:

கதிர் தம்பி வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடறேன். நான் வளைகுடாவுலயும் இங்கயும் பைப் ஏத்தி எறக்கி, வெல்டிங், தண்ணி ஏத்தி பண்ற ஹைட்ரோ டெஸ்ட்டுனு காலம் பூரா இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன். அமெரிக்க சட்டம் கதிருக்குத்தான் தெரியும், ஆனா ஒரு பேப்பர எப்படி நம்பறதுங்கறது எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்.

நெலம் வாங்கறப்ப என்ன பண்ணுவோம்? மூலப்பத்திரம் கேப்போம், வில்லங்கம் போட்டுப் பாப்போம், கையெழுத்தும் பதிவு நம்பரும் இருக்கான்னு பாப்போம். பக்கத்து சர்வே நம்பரோட பட்டாவ காட்டி இதுவும் அதே மாதிரிதான்னா வாங்குவோமா? டி.வி.சிங்கற அந்த மூணு எழுத்தும் இதுதான். மூலம்னா இந்தத் துண்டு பைப்போட சம்பந்தப்பட்ட அசல் தகவலுக்கு நேரா போய் சேரணும். சரிபாக்கறதுன்னா அத தனியா இன்னொரு பேப்பர் ஆதரிக்கணும். முழுமைன்னா கையெழுத்து, தேதி, ஏதோ ஒரு அடையாளம் இருந்து வேல முடிஞ்சுதுன்னு தெரியணும்.

பிரஷர் டெஸ்ட் சார்ட்டையே எடுத்துக்குங்கம்மா. வட்டத் தாள்ல முள்ளு ஏறி, ஒரு எடத்துல நின்னு, அப்படியே நேரா ஓடியிருக்கும். பாக்க அழகா இருக்கும். ஆனா எந்த வால்வுல இருந்து எந்த வால்வு வரைக்கும்? தண்ணி வெச்சா, காத்து வெச்சா? எத்தன மணி நேரம்? அன்னைக்கு வெயில் எப்படி, பைப்போட டெம்பரேச்சர் என்ன? மேடு பள்ளம் இருந்தா கேஜ் வெச்ச எடம் மேட்டுலயா பள்ளத்துலயா, ஏன்னா தண்ணியோட எடைக்கே கீழ பிரஷர் கூடும். யார் பண்ணா? இது எதுவும் இல்லன்னா அந்த சார்ட் எந்தப் பைப்போடதா வேணா இருக்கலாம். சைட்ல சார்ட்ட சுருட்டி ஜீப்புல போட்டுட்டு ராத்திரி ஆபிஸ்ல வந்து எழுதறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், ரெண்டு சார்ட் மாறிப் போகறதுக்கு அது போதும். உங்க கிளையன்ட் ஒதுக்குனது ரொம்ப சரி.

மில் சர்டிபிகேட்லயும் ஹீட் நம்பர்னு ஒண்ணு இருக்கும், ஒரு உலையில ஒரு தடவ உருக்குனதுக்கு கொடுக்கற நம்பர். பைப்பு மேல பெயின்ட்ல அடிச்ச நம்பரும் அதுவும் ஒத்துப் போகணும். அதே வருஷம் அதே கான்ட்ராக்டர்னு சொல்றீங்க, ஒரே நாள்ல ஒரே லாரில எறங்குன பைப்புலயே ரெண்டு ஹீட் வரும். யார்டுல மிச்சம் கெடந்தத எடுத்துப் போடறதும் நடக்கும். சான் புரூனோவுல அந்த ஆறு துண்டு எங்க இருந்து வந்துச்சுன்னு நெனக்கறீங்க, நல்ல பைப் வாங்கறவன் நாலடி துண்டு வாங்க மாட்டான்.

கதிர்_டெக்சாஸ்:

சார் சொன்னது நூத்துக்கு நூறு. ஃபிம்சா 2012ல விட்ட சுற்றறிக்கையிலயும் அதேதான், ஒரு பேப்பர்ல இருந்து இன்னொரு பேப்பருக்கு எடுத்து எழுதுன ரெக்கார்ட ரொம்ப கவனமா பாக்கணும், தப்பு இருக்கலாம்னு எழுதியிருக்கு. அப்புறம் ரிடையர் ஆனவர கூப்ட்டு "நான் அப்ப இருந்தேன், டெஸ்ட் பண்ணோம்"னு இப்ப அஃபிடவிட் எழுதி வாங்கறதும் செல்லாது. டெஸ்ட் நடந்தப்பவே, அந்த டெஸ்ட் பத்தி தெரிஞ்சிருக்க காரணம் உள்ள ஆள் எழுதி கையெழுத்து போட்டிருந்தா அத துணை ஆவணமா வேணா வெச்சுக்கலாம்.

இப்ப தங்கச்சியோட கேள்விக்கு வரேன். தெரியாதுன்னு சொல்றதுக்கு சட்டத்துலயே வழி இருக்கு. ஃபெடரல் ரூல் 192ல, பைப்போட வலிமை தெரியலன்னா 24,000 பி.எஸ்.ஐன்னு வெச்சுக்கோன்னு இருக்கு. தையலுக்குன்னு கணக்குல பெருக்கற ஒரு எண் இருக்கு, தையல் வகை தெரியலன்னா, நாலு இன்சுக்கு மேல உள்ள பைப்புக்கு அது 0.80, அதுக்குள்ளன்னா 0.60. சீம்லெஸ்னா 1.00. ஒரு கணக்கு போட்டு காட்டறேன், டீம்ல இத காட்டுங்க. 30 இன்ச் விட்டம், 0.375 இன்ச் தடிமன், ஊருக்குள்ள போற லைன், அதனால பாதுகாப்புக்காக குறைக்கற டிசைன் ஃபேக்டர் 0.5. பேப்பர்ல 52,000 பி.எஸ்.ஐ வலிமை உள்ள கிரேடு, சீம்லெஸ்னு இருந்தா அனுமதிக்கற பிரஷர் 650 பி.எஸ்.ஐ வரும். ரெண்டுமே தெரியாதுன்னு போட்டா? 240 பி.எஸ்.ஐ. நீங்க நிரப்பற ரெண்டு கட்டம் 410 பி.எஸ்.ஐ வித்தியாசம் பண்ணுது. பக்கத்து ஃபோல்டர பாத்து காப்பி பண்ணா, அந்த 410ஐ யாரும் டெஸ்ட் பண்ணாம நீங்க பைப்புக்கு தானமா கொடுக்கறீங்கன்னு அர்த்தம், அதுக்கு மேல வீட்டுல ஜனம் தூங்குது.

கிளையன்ட்டுக்கு நஷ்டமான்னா ஆமா, பிரஷர குறைக்கணும், இல்ல தோண்டி பாக்கணும், இல்ல தண்ணி ஏத்தி டெஸ்ட் பண்ணணும், இல்ல பைப்பையே மாத்தணும். அதுக்குத்தான் 2019 அக்டோபர்ல ஃபிம்சா பெரிய ரூல் கொண்டு வந்துச்சு, 2020 ஜூலைல அமலாச்சு. ஜனம் இருக்கற எடத்துல போற டிரான்ஸ்மிஷன் லைனுக்கு, அதாவது அதிக பிரஷர்ல தூரமா கேஸ் கொண்டு போற பெரிய லைனுக்கு, சரியான ரெக்கார்ட் இல்லன்னா பிரஷர மறுபடி உறுதி பண்ணணும், 2028 ஜூலைக்குள்ள பாதி, 2035 ஜூலைக்குள்ள முழுசா. பைப்பு என்னன்னு தெரியலன்னா வேற வேலைக்குத் தோண்டற எடத்துல எல்லாம் பைப்ப வெட்டாமயோ வெட்டியோ சோதிச்சு குறிச்சுக்கணும், ஒரே வகை பைப்புன்னா மைலுக்கு ஒரு குழி வீதம் 150 குழி வரைக்கும். அதாவது கவர்மென்ட் டைம் கொடுத்திருக்கு, முறையும் கொடுத்திருக்கு. இந்த லிஸ்ட் எங்க இருந்து தொடங்கும்? நீங்க தெரியாதுன்னு போட்ட கட்டத்துல இருந்துதான். நீங்க சீம்லெஸ்னு போட்டுட்டா அந்தப் பைப் லிஸ்ட்லயே வராது, 2035 வரைக்கும் மட்டும் இல்ல, எப்பவுமே யாரும் அத தோண்டிப் பாக்க மாட்டாங்க.

இனிமே புதுசா போடற டிரான்ஸ்மிஷன் பைப்போட மெட்டீரியல் ரெக்கார்ட் அந்தப் பைப் உயிரோட இருக்கற வரைக்கும் வெச்சிருக்கணும். பைப்ப ரிப்பேர் பண்ணா அந்தப் பேப்பரும் பைப் இருக்கற வரைக்கும். ரோந்து, லீக் சர்வே மாதிரி விஷயத்துக்கு அஞ்சு வருஷம், இல்ல அடுத்த தடவ பண்ற வரைக்கும், எது நீளமோ அது.

ராஜி_சாக்ரமெண்டோ:

ஒண்ணு மட்டும். ரெக்கார்ட் இல்லாம இருக்கறது ஒரு விதம், பொய்யா எழுதறது வேற விதம், கவர்மென்ட் ரெண்டையும் வேற வேற கண்ணால பாக்குது. இங்க யாராவது தெருவ தோண்டணும்னா 811க்கு ஃபோன் பண்ணணும், கேஸ் கம்பெனி ரெண்டு வேலை நாளுக்குள்ள வந்து பைப் எங்க போகுதுன்னு தரையில பெயின்ட் அடிச்சு காட்டணும். லேட்டா போனத நேரத்துக்குப் போன மாதிரி பதிஞ்சுட்டு இருந்தாங்க, 2012ல இருந்து 2017 வரைக்கும், அதே பி.ஜி அண்ட் இ, அதுவும் சான் புரூனோவுக்கு அப்புறம். 2020ல கமிஷன் 11 கோடி டாலர் போட்டுச்சு. அதனால உங்க டீம்ல "சும்மா ஒரு வேல்யூ போடறது"ன்னு யாராவது சொன்னா, அது காலியா விடறத விட பெரிய குத்தமா முடியும்னு சொல்லுங்க.

தஞ்சை_டெல்டா:

இடையில வரேன், மன்னிக்கணும். நம்ம ஊர்ல இதுக்கு யார் இருக்கா? எங்க பக்கம் வயலுக்கு அடியில எத்தன லைன் போகுது, இப்ப டவுன்ல வீட்டுக்கு வீடு கேஸ் குழாய் வேற வருது.

ஓய்வு_இன்ஸ்பெக்டர்:

பெட்ரோலியம் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்னு டெல்லில இருக்கு, 2006ம் வருஷ சட்டத்துல வந்தது. கேஸ் பைப்லைனுக்கு 2009லயே பாதுகாப்புத் தரம் பத்தின விதிமுறை போட்டாங்க, இன்டெக்ரிட்டிக்கு அப்புறம் தனியா வந்துச்சு. 2014 ஜூன் 27, ஆந்திராவுல கோனசீமா பக்கம் நகரம்ங்கற பேர் உள்ள கிராமத்துல கெயில் கம்பெனி கேஸ் லைன் வெடிச்சு இருபது பேருக்கு மேல எறந்தாங்களே, ஈரப்பதம் உள்ள கேஸ் போய் பைப்ப அரிச்சதுதான் அங்க பிரச்சன. அங்கயும் பைப்புக்குள்ள என்ன போகுது, எத்தன தடவ சுத்தம் பண்ணோம்ங்கறது பேப்பர்ல இருக்க வேண்டிய விஷயம். உங்க ஊர் பத்தி தனியா ஒரு திரி தொடங்குங்க தம்பி, தெரிஞ்சத எழுதறேன், இது அந்தப் பொண்ணோட கேள்வி.

கோவை_மேப்பிங்:

கதிர் அண்ணா போட்ட 650, 240 கணக்க பிரிண்ட் எடுத்து டீம் மீட்டிங்ல வெச்சேன்ங்க. லீடும் ஒத்துகிட்டார். தையல் வகை இல்லாத அந்த ஃபோல்டர தெரியாதுன்னு போட்டு கிளையன்ட்டுக்கு கேள்வி எழுதி அனுப்பியாச்சு, ஒரிஜினல் பெட்டில வேற பேப்பர் இருக்கான்னு பாக்கச் சொல்லி. ஏற்கெனவே டெலிவரி ஆன பேட்ச்லயும் பக்கத்து ஜாப பாத்து நிரப்புனது இருக்கான்னு திருப்பிப் பாக்கணும்னு நான் கேட்டிருக்கேன், அதுக்கு தனியா ஆள் தரேன்னாங்க.

கடைசியா ஒண்ணு அண்ணா. ஸ்கேன்ல தடிமன் 0.312ஆ 0.372ஆன்னே தெரியாம மங்கலா இருக்கு சிலது. அத என்ன பண்றது?

கதிர்_டெக்சாஸ்:

ரெண்டுல எதையும் போடாதீங்க. 0.312ங்கறது வழக்கமா வர்ற தடிமன்தான், அதனாலயே கண்ணு அதைத்தான் படிக்கும், அதுலதான் ஏமாறுவோம். "படிக்க முடியல"ன்னு தனி கோட் இருக்கான்னு ஸ்பெக்ல பாருங்க, தெரியாதுங்கறதும் படிக்க முடியலங்கறதும் ஒண்ணு இல்ல, முதலாவதுக்கு தோண்டணும், ரெண்டாவதுக்கு ஒரிஜினல திரும்ப ஸ்கேன் பண்ணா போதும். கோட் இல்லன்னா கேட்டு வாங்குங்க. ரிமார்க்ஸ்ல எந்த பேப்பர், எத்தனாவது பக்கம், எந்த வரின்னு எழுதிடுங்க, அங்க பெட்டிய தொறக்கறவருக்கு அது வேணும்.